செவ்வாய்க்கிழமை வாசனை

வலது கையின் ஆள்காட்டி விரல் ஒரு பெட்ரோல் குழாயின் அடிப்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. கண் எட்டாத இடம். இடது கை, மேலே தொங்கிய மின்கம்பிக் கற்றையைத் தூங்குகிற குழந்தையின் தலையை ஒதுக்குவதுபோல ஒதுக்கிப் பிடித்திருந்தது. விரல் ஒரு கிளிப்பைச் சுற்றி வந்தது. ஒரு கோட்டைத் தடவி, அது வெடிப்பில்லை, அச்சில் விழுந்த வரிதான் என்று தீர்மானித்தது. இன்னும் அரை அங்குலம் போய், குழாய் முடிகிற இடத்தில் நின்றது. வெளியே வந்தபோது விரல் நுனி காய்ந்திருந்தது. ஆனாலும் வழக்கப்படி மூக்குக்குக் கீழே போனது.

வண்டியின் சொந்தக்காரரான டாக்சிக்காரர் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த மூக்கையே பார்த்தார்.

மூக்குக்கு உரியவர் கண்ணை மூடினார். புருவத்தைச் சுருக்கினார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார். கொட்டகையின் மூலையில் சீட் உறை தைக்கிற மெஷின் இரண்டு முறை கடகடத்து நின்றது.

"பெட்ரோல் இல்ல," என்றார் கண்ணைத் திறக்காமலே. "ஆயில். எங்கேயோ கசிஞ்சு சைலன்சர் மேல சொட்டுது. அதான் கருகின வாசனை."

"அண்ணே!" என்றார் டாக்சிக்காரர். கும்பிடாத குறை. "இந்த மூக்கை முதல்ல இன்ஷூர் பண்ணுங்க. வண்டியெல்லாம் அப்புறம்."

மூலையில் மெஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. இம்முறை நீளமாக, நிஜமாகவே தைப்பதற்காக.

அவரை எல்லோரும் மூக்கண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிலை யாரும் அவருக்கு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. இளவயதில் பஸ் டிப்போவில் கழற்றிப் போட்ட பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுகிற வேலை. கழுவுகிறபோது எந்தப் பாகம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு காயலான் கடையில் ஒரு செத்த எஞ்சினை வாங்கி வந்து, வாடகை அறையில் கட்டில் போட வேண்டிய இடத்தில் வைத்து, மூன்று தடவை பிரித்து மூன்று தடவை பூட்டினார். மூன்றாம் தடவை ஒரு திருகுகூட மிச்சம் வரவில்லை. கல்யாணமான புதிதில் அவர் மனைவி அந்த அறைக்குள் வந்து, எஞ்சினைச் சுற்றி ஒரு முறை நடந்து, "இது எப்ப வெளியில போகும், நான் எப்ப உள்ள வரணும்?" என்று கேட்டது இன்றைக்கும் குடும்பத்தில் சொல்லிச் சிரிக்கிற கதை.

பெயர் வந்தது ஒரு பஸ்ஸில். கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து முன்னால் போய், "கிளட்ச் கருகுது, ஓரமா நிறுத்துங்க" என்று ஓட்டுநரிடம் சொன்னார். "உன் வேலையைப் பாருய்யா" என்றார் ஓட்டுநர். இரண்டு நிறுத்தம் தாண்டி, நாற்சந்தி நடுவில், வண்டி படுத்துக்கொண்டது. அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் ஆளுக்கு நாற்பது பேரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்காக அவர் மூக்கை மட்டும் நம்பி வேலை செய்கிற ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. கழற்றுகிற போல்ட்டுகளை முட்டை அட்டையின் குழிகளில் கழற்றிய வரிசைப்படி வைப்பார். மாட்டுகிற ஒவ்வொரு பாகத்தின் மேலும் வெள்ளைப் பெயிண்டால் தேதி எழுதுவார். நீளமான ஒரு நோட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு வரி இருக்கும். முதல் வரி, அவர் முதலில் என்ன நினைத்தார் என்பது. இரண்டாம் வரி, கடைசியில் என்னவாக இருந்தது என்பது. இரண்டு வரியும் ஒன்றாகவே இருந்த பக்கங்கள் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போயின. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கர்வத்துக்குக் காரணம் மூக்கு.

அந்த மூக்குத்தான் ஆறு வாரத்துக்கு முன்னால் போய்விட்டது.

நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் காய்ச்சல் கிளம்பிப் போனபோது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போயிற்று. காலையில் காபியை வாயருகே கொண்டுபோனால் வெந்நீர். சோப்பு வழுக்கல், அவ்வளவுதான். பெட்ரோல் கேனைத் திறந்து தலையை உள்ளே விடாத குறையாக முகர்ந்தார். ஒன்றுமில்லை. டாக்டர், "வரும், வராமலும் இருக்கலாம், பொறுமையா இருங்க" என்று சொல்லி அனுப்பினார்.

"மூக்கு போயிட்டா மூக்கண்ணன்ல மிச்சம் என்ன இருக்கு?" என்றார் அவர் அன்றைக்கு மனைவியிடம், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து.

"அண்ணன் இருக்கார்ல," என்றார் மனைவி. "போதும், எழுந்திரிங்க. என் மூக்கு சும்மாதானே இருக்கு? சீட்டுக்கு அளவெடுக்கறேன்னு நான் எந்த வண்டியில வேணா ஏறி உக்காரலாம். யாரும் கேக்க மாட்டாங்க."

ஏற்பாடு இதுதான். மனைவியின் தையல் மெஷின் ஒரு தடவை ஓடினால் பெட்ரோல். இரண்டு தடவை என்றால் ஆயில். ஓடவே இல்லை என்றால் ஒன்றுமில்லை. ஆறு வாரமாக ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பக்கத்துக் கொட்டகையில் கேட்டும் ஜன்னலும் வெல்டிங் செய்கிற மனைவியின் தம்பிக்குக்கூடத் தெரியாது. அவருக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரிந்த மாதிரி.

அந்தச் சனிக்கிழமை டாக்சி வெளியே போன சூட்டோடு ஒரு வெள்ளை பிக்கப் வண்டி உள்ளே வந்து, குலுங்கி நின்றது. லாண்டரிக்காரம்மா இறங்கினார். கதவைச் சாத்திய சத்தத்திலேயே விஷயம் பாதி புரிந்துவிட்டது.

"அண்ணே, இன்னைக்கு நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க, வண்டியை இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன். நீங்களே வச்சுக்குங்க. சீட்டுக்கு உறை போட்டு வீட்டுல சோபாவா வச்சுக்குங்க."

"முதல்ல உக்காரும்மா. என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? பெட்ரோல் வாசனை! ரெண்டு மாசம் முன்னாடி வந்தேன்ல? மோந்து பாத்துட்டு, வண்டில ஒண்ணுமில்ல, சோப்பைப் பாருன்னு சொன்னீங்க. பாத்தேன். மூணு சோப்பு மாத்திட்டேன். மூணாவது சோப்புல எங்க வீட்டுக்காரருக்குக் கை முழுக்க அரிப்பு. இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்க முடியல, இடது கையில தேய்க்கறார். அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே நின்னு போச்சு, அவர் ஒழுங்கா அலசலன்னு நான் சொல்லி."

விஷயம் இது. ஊரின் பெரிய ஹோட்டலுக்கு அவர்கள்தான் படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் துவைத்துக் கொடுக்கிறார்கள். அவர்கள் வேலையில் பாதிக்கு மேல் அந்த ஒரு ஹோட்டல்தான். சில மாதங்களாகத் துணியில் பெட்ரோல் வாசனை என்று முணுமுணுப்பு. போன செவ்வாய்க்கிழமை, மூன்றாம் மாடியில் தங்கியிருந்த ஒருவர் ராத்திரி கீழே போன் செய்து, தான் சிகரெட் பற்றவைக்கலாமா, இல்லை கட்டில் வெடித்துவிடுமா என்று விசாரித்திருக்கிறார். ஹோட்டலின் துணியறையைப் பார்த்துக்கொள்கிறவர், முழு லோடையும் திருப்பி அனுப்பிவிட்டுச் சொன்ன வார்த்தை: வரும் செவ்வாய்க்கிழமை கடைசித் தடவை. அன்றைக்கும் வாசனை வந்தால், புதன்கிழமை முதல் வேறு லாண்டரி.

"இன்னைக்கு சனி," என்றார் லாண்டரிக்காரம்மா. "கையில மூணு நாள். சோப்பு மேல பழி போடாம சொல்லுங்க, என்னன்னு."

மூக்கண்ணன் வண்டியைச் சுற்றி வந்தார். அடியில் படுத்துப் பார்த்தார். குழாய்கள் எல்லாம் காய்ந்திருந்தன, பெட்ரோல் ஊற்றுகிற வாயின் மூடி இறுக்கமாக இருந்தது. அவர் மனைவி ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு சீட்டை அளந்தார், பின்பக்கத்தையும் எதற்கோ அளந்தார், தன் மூலைக்குப் போய் உட்கார்ந்தார். மூக்கண்ணன் விரலை மூக்கடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

மெஷின் ஓடவில்லை.

இன்னும் கொஞ்சம் நின்றார். மெஷின் சத்தத்தைக் காணோம். ஒரு கண்ணைத் திறந்து மூலையைப் பார்த்தார். மனைவி உதட்டைப் பிதுக்கினார்.

"என்னண்ணே, தூங்கிட்டீங்களா?"

"ஒண்ணுமில்ல" என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மூக்கு நன்றாக இருந்த காலத்தில் அதைத்தான் சொல்லியிருப்பார். சொல்லவும் சொன்னார், இரண்டு மாதத்துக்கு முன்னால். இன்றைக்குத் தன்னுடையதல்லாத மூக்கை வைத்து அப்படி அடித்துச் சொல்ல வாய் வரவில்லை. வேறு வழியில்லாமல், முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, இத்தனை வருஷத்தில் அதிகம் கேட்டிராத கேள்வியைக் கேட்டார்.

"எப்ப வருது?"

"எப்பன்னா?"

"எல்லா நாளும் வருதா?"

லாண்டரிக்காரம்மா யோசித்தார். "ஹோட்டலுக்கு செவ்வாய், வெள்ளி ரெண்டு நாள் போறோம். வெள்ளிக்கிழமை எடுத்துட்டுப் போறது நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. செவ்வாய்க்கிழமைதான் பிரச்சினை."

"எல்லா செவ்வாயுமா?"

"எல்லா செவ்வாயும். இதைப் போன வாரம் வேற ஒரு மெக்கானிக் கிட்ட சொன்னேன். பெட்ரோலுக்குக் கிழமை தெரியுமாம்மான்னு கேட்டு, பக்கத்துல இருந்தவங்களையும் கூப்பிட்டுச் சிரிச்சான்."

மூக்கண்ணன் சிரிக்கவில்லை. செவ்வாய் என்று எழுதி அடிக்கோடு போட்டார். "பெட்ரோல் எப்ப போடுவீங்க?"

"திங்கக்கிழமை சாயங்காலம். வாரத்துக்கு ஒரு தடவை. கழுத்து வரைக்கும் நிரப்பிடுவேன். அடுத்த திங்கள் வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்க மாட்டேன்."

பென்சில் நின்றது.

"ரெண்டு மாசம் முன்னாடி எங்கிட்ட வந்தது என்ன கிழமை?"

"வியாழன்... ஏன்?"

பெட்ரோலுக்குக் கிழமை தெரியாது. ஆனால் உயரம் தெரியும். டேங்க் நிறைய இருக்கிற செவ்வாயன்று வாசனை வருகிறது, பாதி காலியான வெள்ளியன்று வருவதில்லை என்றால், ஓட்டை டேங்கின் அடியிலோ பக்கத்திலோ இல்லை. மேலே இருக்கிறது. டேங்கின் உச்சியில். பெட்ரோல் அங்கே எட்டுகிற ஒன்றிரண்டு நாள் மட்டும் குலுங்கிக் குலுங்கிக் கசிகிறது. அதற்கு நேர் மேலேதான் துணி மூட்டைகள். விரிப்புகள் உறிஞ்சிக்கொள்கின்றன.

"வண்டியை விட்டுட்டுப் போ," என்றார். "நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா."

"நாங்க பேசறதில்லையே."

"பேச வேண்டாம். தூக்கணும், அவ்வளவுதான்."

அன்று மாலையே வண்டியை ஓட்டிப்போய்க் கழுத்து வரை பெட்ரோல் நிரப்பிக்கொண்டு வந்து, கொட்டகைக்கு வெளியே திறந்த இடத்தில் நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவர் மனைவி பின்சக்கரத்துக்கு முன்னால் குனிந்து தலையை உள்ளே விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார். கண்ணில் தண்ணீர்.

"மெஷினை ஓட்டட்டுமா, இல்ல நேராவே சொல்லட்டுமா?"

"சொல்லு."

"குடலைப் பிடுங்குது."

மூக்கண்ணனுக்கு முகம் மலர்ந்தது. ஒருத்தருக்குக் குடலைப் பிடுங்குகிறது என்றால் மலர்கிற முகம் மெக்கானிக்குக்கு மட்டும்தான் இருக்கும்.

டேங்கின் மேல்பக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பின்னால் சாமான் ஏற்றுகிற பாடியையே தூக்கியாக வேண்டும். பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓட விட்டார். குழாயில் அழுத்தம் இறங்கியதும் பேட்டரியைக் கழற்றினார். பிறகு பக்கத்துக் கொட்டகைக்குப் போய், மச்சானின் வெல்டிங் மெஷினுக்குக் கரன்ட் போகிற ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மாமா, ஒரு கேட்டை இன்னைக்கு முடிச்சுக் குடுக்கறேன்னு சொல்லியிருக்கேன்!"

"ஒரு பொறி விழுந்தா கேட்டு மட்டும்தான் மிச்சம் இருக்கும். நீயும் இருக்க மாட்டே, நானும் இருக்க மாட்டேன். வா, வந்து பாடியைத் தூக்கு."

"ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளைக்கு சோறு போடுவாங்க, இங்க பாடி தூக்கக் கூப்பிடறாங்க," என்று புலம்பிக்கொண்டே வந்தார் வெல்டிங் மச்சான். பேச்சுத்தான் அப்படி. வேலை என்றால் ஓடி வருகிற ஆள்.

ஆறு போல்ட்டுகள். நான்கு சொன்ன பேச்சைக் கேட்டன. துரு ஏறிய இரண்டு மட்டும், எண்ணெய் விட்டு, தட்டி, கொஞ்சி, மறுபடி எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் அசைந்தன. பின்விளக்குகளுக்குப் போகிற வயரைப் பிரித்தார். பெட்ரோல் ஊற்றுகிற வாயின் மூன்று திருகுகளைக் கழற்றினார். எல்லாம் வரிசையாக முட்டை அட்டைக்குப் போயின.

லாண்டரிக்காரம்மாவும் அவர் கணவர் இஸ்திரிக்காரரும் ஒன்றாக வந்தார்கள், ஆனால் பத்தடி இடைவெளியில். இஸ்திரிக்காரரின் வலது கையில் துணி சுற்றியிருந்தது. ஆளுக்கொரு மூலை, நடுவில் மூக்கண்ணனின் மனைவி.

"அவர்கிட்ட சொல்லுங்கண்ணே, இடது பக்கம் தாழுதுன்னு," என்றார் லாண்டரிக்காரம்மா.

"அவகிட்ட சொல்லுங்கண்ணே, தாழறது அவ பக்கம்னு," என்றார் இஸ்திரிக்காரர்.

"ரெண்டு பேரும் என்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க, மூச்சு வாங்குது," என்றார் மூக்கண்ணன். "ம்... தூக்கு!"

பாடி எழும்பி, பின்னோக்கி நகர்ந்து, இரண்டு காலி டிரம்களின் மேல் உட்கார்ந்தது. டேங்க் வெளிச்சத்துக்கு வந்தது. மேலெல்லாம் பொடிமண் படிந்திருந்தது. நடுவில், பம்ப் இறங்குகிற வட்ட வாயைச் சுற்றி மட்டும் ஒரு பக்கம் மண் இல்லை. கழுவிவிட்டதுபோலப் பளபளப்பு. பிறைநிலா வடிவத்தில் ஈரம்.

"கிடைச்சிடுச்சு!" என்று கத்தினார் வெல்டிங் மச்சான். "மாமா மூக்குன்னா மூக்குதான்! எவனோ போட்ட ரப்பர் சீல் சரியில்ல. எவன்யா அவன், இவ்ளோ கேவலமா மாட்டினது?"

மூக்கண்ணன் ஒரு துணியால் பம்பின் தலையைத் துடைத்தார். மண்ணுக்கு அடியிலிருந்து வெள்ளைப் பெயிண்ட் எழுத்துகள் வந்தன. நான்கு மாதத்துக்கு முந்தைய ஒரு தேதி. எண்கள் நேராக, அழகாக, ஒரே அளவில் இருந்தன. அந்தத் தெருவில் அப்படி எண் எழுதுகிற ஆள் ஒருவர்தான்.

வெல்டிங் மச்சான் வானத்தைப் பார்த்தார்.

மூக்கண்ணன் முதலில் வேலையைப் பார்த்தார். இருபது லிட்டரைக் கேனுக்கு இறக்கினார். சுற்றிலும் மண் உள்ளே விழாமல் தூரிகையால் கூட்டி எடுத்தார். பம்பை இறுக்கிப் பிடித்திருந்த வளையப் பூட்டை, பொறி வராத பித்தளைத் துண்டை வைத்துத் தட்டித் திருப்பினார். பம்பைத் தூக்கி, அடியிலிருந்த ரப்பர் சீல் வளையத்தை உருவி, எல்லோரும் பார்க்கும்படி உள்ளங்கையில் வைத்தார். ஒரு இடத்தில், நகம் அளவுக்கு, ரப்பர் மடிந்து நசுங்கியிருந்தது.

"இந்த சீல் இருக்கே, பெட்ரோல் பட்டா ஊதிக்கும்," என்றார். "ஊதினா பள்ளத்துல உக்காராது. காய்ஞ்ச சீலா, காய்ஞ்ச கையால போடணும். அன்னைக்கு நான் புது ரப்பரைப் பெட்ரோல் துடைச்ச துணி மேல வச்சுட்டு டீ குடிக்கப் போனேன். வந்து போட்டப்ப கொஞ்சம் பிடிவாதம் பண்ணுச்சு. அமுக்கி உக்கார வச்சேன். அப்புறம் மோந்து பாத்தேன். வாசனை இல்ல. சரின்னு குடுத்துட்டேன். டேங்க்ல அன்னைக்குக் கால்வாசிதான் பெட்ரோல். எங்க இருந்து வாசனை வரும்? கண்ணால பாத்திருந்தா மடிப்பு தெரிஞ்சிருக்கும். மூக்கு இருக்கற தைரியத்துல பாக்கல."

லாண்டரிக்காரம்மா அந்த ரப்பர் வளையத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப மூணு சோப்பு?"

"மூணும் நிரபராதி."

"இவர் கை?"

"அதுவும் என் கணக்குலதான்."

இஸ்திரிக்காரர் துணி சுற்றிய கையை மூக்கண்ணனிடம் காட்டாமல் நேராகத் தன் மனைவியிடம் காட்டினார். "கேட்டியா? நல்லா அலசலன்னு சொன்னியே. நாலு தண்ணி அலசினேன், நாலு தண்ணி!"

"சரி, சரி. கத்தாதீங்க. நாலு தண்ணிதான், ஒத்துக்கறேன்." மூன்று வாரத்தில் இருவரும் நேராகப் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் அவை. "ஏண்ணே, அன்னைக்கு உங்க மூக்கு ஏமாத்துச்சுன்னா, நாளைக்கு சரியாயிடுச்சுன்னு அதே மூக்கை வச்சு எப்படிண்ணே சொல்வீங்க?"

மூக்கண்ணன் மனைவியைப் பார்த்தார். மனைவி, உங்கள் இஷ்டம் என்பதுபோல முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"அந்த மூக்கும் இப்ப இல்லம்மா," என்றார். "ஆறு வாரமா ஒண்ணும் தெரியல. நேத்து நான் மோந்ததெல்லாம் நடிப்பு. உள்ள உக்காந்து மோந்தது இவ."

வெல்டிங் மச்சானின் வாய் திறந்தபடி நின்றது. "அதானா! போன வாரம் என் கொட்டகையில சாக்கு கருகி ஊரே மூக்கைப் பொத்திட்டு ஓடுச்சு. நீங்க மட்டும் பக்கத்துல நின்னு கதை சொல்லிட்டிருந்தீங்க. என்ன ஒரு நெஞ்சழுத்தம்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிப் பெருமைப்பட்டேனே! அக்கா, நீயும் கூட்டா?"

"டேய், தெருவுல போய்ச் சொன்னே, உன் ஃபியூஸ் கட்டை உனக்குக் கிடைக்காது," என்றார் அக்கா.

"நாளைக்கு சரியாயிடுச்சான்னு மூக்கை வச்சு சொல்லப் போறதில்ல," என்றார் மூக்கண்ணன் லாண்டரிக்காரம்மாவிடம். "கண்ணுல காட்டறேன்."

திங்கட்கிழமை உதிரிபாகக் கடை திறக்கும்போது அவர் வாசலில் நின்றார். இரண்டு சீல் வாங்கினார். ஒன்று பிசகினால் இன்னொன்று. இரண்டையும் காகிதப் பையோடு கொட்டகைச் சுவரின் ஆணியில், பெட்ரோல் கை எட்டாத உயரத்தில் மாட்டினார். பள்ளத்தை மூன்று தடவை துடைத்தார். கை கழுவி, காய வைத்து, சீலைப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டார்ச் அடித்து ஒரு முழு வட்டம் பார்த்தார். திரும்பவும், எதிர்த்திசையில் இன்னொரு வட்டம். பிறகு பம்பை இறக்கி, பூட்டை இறுக்கி, கேனிலிருந்த இருபது லிட்டரையும் ஊற்றி, அதற்கு மேலும் கழுத்து வரை நிரப்பினார். மனைவியின் தையல் சாக்பீஸ் இரண்டைப் பொடியாக்கி, பம்பைச் சுற்றிக் கோலப்பொடி மாதிரி வளையமாகத் தூவினார். ஒரு சொட்டு கசிந்தாலும் வெள்ளை கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

பின்னால் பாடி இல்லாமலே வண்டியைத் தெருவில் இறக்கினார். மேடு, பள்ளம், வேகத்தடை என்று தேடித் தேடிப் போய் ஏற்றி இறக்கினார்.

"மாமா, வண்டி சட்டை மட்டும் போட்டுக்கிட்டு மத்ததை மறந்துட்டுக் கிளம்பின மாதிரி இருக்கு!" என்று மச்சான் பின்னால் கத்தினார். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மூக்கண்ணன் யாரையும் பார்க்காமல் ஒரு மணி நேரம் ஓட்டினார். திரும்பி வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பொடி பொடியாகவே இருந்தது. ஊதினால் பறந்தது.

சாயங்காலம் பாடியைத் திரும்ப ஏற்றியபோது, இஸ்திரிக்காரர் கையில் புதுக் கட்டுடன் மனைவியின் பக்கத்து மூலையைப் பிடித்தார். லாண்டரிக்காரம்மா துணி மூட்டைகளைக் கொண்டுவந்து அப்போதே ஏற்றச் சொன்னார். "ராத்திரி பூரா அது மேலேயே இருக்கட்டும். வாசனை ஏறணும்னா இப்பவே ஏறிடட்டும். எனக்கு மோந்து பாக்கவே பயமா இருக்கு. இப்பல்லாம் தண்ணி குடிச்சாலும் பெட்ரோல் குடிச்ச மாதிரி இருக்கு."

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு மூக்கண்ணனே வண்டியை ஓட்டிக்கொண்டு ஹோட்டலின் பின்வாசலுக்குப் போனார். லாண்டரிக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலை இறக்கி, தலையை வெளியே நீட்டிக்கொண்டே வந்தார்.

துணியறைக்காரர் ஒல்லியான மனிதர். இஸ்திரி கலையாத சட்டை, காதோரம் ஒரு பேனா. வணக்கம்கூடச் சொல்லாமல் மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். மேலே இருந்த விரிப்பை எடுக்கவில்லை. நடுவிலிருந்து ஒன்றை உருவினார், அடியிலிருந்து ஒன்றை உருவினார். இரண்டையும் உதறி முகத்தருகே கொண்டுபோய் நீளமாக மூச்சை இழுத்தார். கண்ணை மூடினார். புருவத்தைச் சுருக்கினார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார்.

இந்த வித்தை மூக்கண்ணனுக்கு அத்துப்படி. ஆனால் பார்த்துக்கொண்டு நிற்கிற பக்கம் இவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு இதுவரை தெரியாது. துணியறைக்காரர் இரண்டாம் மூட்டைக்குப் போனார். மூன்றாம் மூட்டைக்குப் போனார். ஒரு தலையணை உறையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, அதற்குள்ளேயே முகத்தைப் புதைத்தார். லாண்டரிக்காரம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"ஏம்மா," என்றார் துணியறைக்காரர், உறைக்குள்ளிருந்தே.

"சார்..."

"சோப்பு மாத்திட்டீங்களா?"

"ஆமா சார். பழைய சோப்புக்கே."

"இதையே போடுங்க." முகத்தை வெளியே எடுத்து, காதோரப் பேனாவை எடுத்து, ரசீதுச் சீட்டில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "வெள்ளிக்கிழமை நாப்பது விரிப்பு கூடுதலா இருக்கு. சீக்கிரம் வாங்க." மூட்டைகளைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

லாண்டரிக்காரம்மா அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தார். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டார்.

மூக்கண்ணன் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, ஆறு போல்ட்டுகளையும் விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்து வந்தார்.

"இந்தா," என்று சாவியை நீட்டினார். "பயந்துக்கிட்டுப் பாதி டேங்க் போடாதே. திங்கக்கிழமை கழுத்து வரைக்கும் போடு. மறுநாள் காலையில இங்க வர்றதுக்கு முன்னாடி என் கொட்டகைக்கு வந்துட்டுப் போ. மூணு வாரம் பாத்துடுவோம்."

"மோந்து பாக்கவா?"

"குனிஞ்சு பாக்க," என்றார் அவர்.

லாண்டரிக்காரம்மா சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டுநர் சீட்டில் ஏறினார். தன் காலுக்கு எட்டும்படி, மூக்கண்ணன் பின்னால் தள்ளியிருந்த சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, வரும்போது தலையை நீட்டியிருந்த ஜன்னலின் கண்ணாடியை எட்டி ஏற்றி மூடினார்.